மின்கலப் பிரிப்புச் சவ்வு

லித்தியம் அயனி மின்கலத்தின் இரு மின்வாய்களும் ஒன்றையொன்று தொடாதபடி இடையில் வைக்கப்படும் நுண்துளைப் படலம். மின்சாரம் தருவதில் இதற்குப் பங்கில்லை. ஆனால் கிழிந்தால் கலமே தீப்பற்றக்கூடும். 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைபேசிகள் எரிந்தபோது, ஒருவகைக் கலங்களில் பற்றவைப்புப் பிசிறு சவ்வைத் துளைத்திருந்தது.

வழக்கமான சவ்வு 10 முதல் 25 மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக், தலைமுடியைவிட மெலிது. மூவடுக்குச் சவ்வில் நடுவிலுள்ள பாலிஎத்திலீன் ஏறத்தாழ 130 டிகிரி செல்சியசில் உருகித் துளைகளை அடைத்து, அயனி ஓட்டத்தை நிறுத்திவிடும். வெளியடுக்கான பாலிபுரொப்பிலீன் சுமார் 165 டிகிரி வரை தாங்கும். அதற்கும் மேல் சூடேறினால் சவ்வு சுருங்கும், மின்வாய்கள் முட்டிக்கொள்ளும்.

இதைத் தடுக்கவே அலுமினா என்னும் பீங்கான்வகை அலுமினிய ஆக்சைடின் பூச்சு வந்தது. சில மைக்ரான் கனமுள்ள இந்தப் பூச்சு சவ்வைச் சுருங்கவிடாது. மின்பகுளியையும் நன்றாக ஈர்த்துவைப்பதால் கலத்தின் ஆயுள் கூடுகிறது.

அலுமினாவின் தாது பாக்சைட். நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் அது உண்டு. மேட்டூரின் மால்கோ அலுமினிய ஆலைக்காக அங்கே வெட்டியெடுத்தார்கள். அது உலோகத்துக்கு. சவ்வுக்கு வேண்டிய அலுமினாவோ மிகத் தூயதாக இருக்க வேண்டும்.

1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பீங்கான் துகள் கலந்த சவ்வுகளை ஆராய்ந்துவருகிறது.