எழுத்து முந்தியது, விருது பிந்தியது: ஜெர்மனியில் இயற்கைக்கான கௌரவங்களின் வரலாறு

1880ஆம் ஆண்டு, பெர்லின் இசைக் கல்லூரியில் பியானோ கற்பித்துவந்த எர்ன்ஸ்ட் ருடோர்ஃப் என்ற இசையமைப்பாளர், நவீன வாழ்வுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ரைன் நதிக்கரையும் மலைகளும் சுற்றுலா வணிகத்துக்குப் பலியாவதையும், விளைநிலங்களை ஒருங்கிணைக்கும் வேகத்தில் வேலியோரப் புதர்களும் ஓடைகளும் அழிக்கப்படுவதையும் அது கடுமையாகச் சாடியது. ஜெர்மனியில் இயற்கைப் பாதுகாப்பு இயக்கத்துக்கு வித்திட்ட எழுத்துகளுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகிறது. ஆனால் ‘ஜெர்மன் இயற்கை எழுத்துப் பரிசு’ என்ற பெயரில் ஓர் இலக்கிய விருது நிறுவப்பட்டது 2017இல்தான். இடையில் கழிந்தவை 137 ஆண்டுகள்.

அந்த இடைவெளியில் அங்கே இயற்கையின் பெயரால் விருதுகளே வழங்கப்படவில்லை என்பதல்ல. யாருக்கு, எதற்காக, யாருடைய பணத்தில் வழங்கப்பட்டன என்று பார்த்தால், இயற்கைப் பாதுகாப்பை ஜெர்மானியச் சமூகம் ஒவ்வொரு காலத்திலும் எப்படிப் புரிந்துகொண்டது என்பது தெளிவாகிறது.

நிலம் வாங்கிய பெண்மணி

தொடக்ககாலத்தில் கௌரவம் பதவியாகவே வந்தது. தாவரவியலாளர் ஹூகோ கான்வென்ட்ஸ், அரிய மரங்களும் பாறைகளும் சதுப்பு நிலங்களும் அழிவதை 1904இல் ஓர் அறிக்கையாக எழுதினார். 1906இல் பிரஷ்ய அரசு இயற்கைச் சின்னங்களைக் காக்க ஓர் அலுவலகத்தை நிறுவி, அதன் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தது.

லீனா ஹென்லேயிடம் அரசுப் பதவி எதுவும் இல்லை. 1899இல் ஷ்டுட்கார்ட் நகரில் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கிய அவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதை வழிநடத்தினார். சட்டம் வரும்வரை காத்திராமல் நிலத்தை விலைக்கு வாங்கிக் காப்பது அவர் கையாண்ட வழி. 1911இல் ஃபெடர்சே ஏரியின் சதுப்பு நிலத்தில் சங்கம் வாங்கிய பகுதி, இன்று அந்த நாட்டின் முக்கியமான பறவைக் காப்பிடங்களுள் ஒன்றாக வளர்ந்திருக்கிறது. அந்தச் சங்கமே இன்றைய ‘நாபு’. அதன் உயரிய விருதுக்கு ‘லீனா ஹென்லே பதக்கம்’ என்று பெயர்.

கொடுத்த கையும் கேள்விக்கு உட்பட்டது

1935இல் இயற்கைப் பாதுகாப்புக்கு நாடு முழுமைக்குமான சட்டம் வந்தபோது ஆட்சியில் இருந்தது ஹிட்லர் அரசு. பாதுகாப்பாளர்கள் பலர் அதை மகிழ்ச்சியோடு வரவேற்றார்கள். அந்த நெருக்கத்தின் சுமை போருக்குப் பின்னும் நீடித்தது.

ஹாம்பர்க் தானிய வணிகர் ஆல்ஃப்ரெட் டோப்ஃபர் அதற்கு முக்கிய எடுத்துக்காட்டு. 1931இல் அவர் நிறுவிய அறக்கட்டளை, கலைக்கும் அறிவியலுக்கும் இயற்கைப் பாதுகாப்புக்கும் ஐரோப்பா முழுவதும் பரிசுகளை வாரி வழங்கியது. டச்சுப் பாதுகாப்பாளர் வான் டின்ஹோவன் பெயரிலும் ஒரு பரிசு இருந்தது. 1956இல் மேற்கு ஜெர்மனியில் இயற்கைப் பூங்காக்களை அமைக்கும் திட்டத்தை முன்வைத்தவரும் டோப்ஃபரே. ஆனால் நாஜி ஆட்சியோடு அவருக்கும் அறக்கட்டளைக்கும் இருந்த தொடர்பு பற்றிய கேள்விகள் ஓயவில்லை. கடைசியில் அறக்கட்டளையே வரலாற்றாய்வாளர் குழு ஒன்றை அமைத்து, அதன் ஆய்வை 2000இல் நூலாக வெளியிட்டது. விருதைக் கொடுப்பவரின் வரலாறும் ஆராயப்பட வேண்டும் என்ற நல்ல மரபுக்கு அது துணைநின்றது.

திரையில் கிடைத்த செல்வாக்கு

எழுத்தாளர்களுக்கு அந்தக் காலத்தில் பேர் வாங்கித் தந்தது திரை. ஃபிராங்ஃபர்ட் விலங்குக் காட்சிசாலையின் இயக்குநர் பெர்ன்ஹார்ட் கிர்ஷிமெக், மகன் மிஹாயேலுடன் சேர்ந்து ‘செரெங்கெட்டி சாகக் கூடாது’ என்ற படத்தையும் நூலையும் உருவாக்கினார். வரிக்குதிரைக் கோடுகள் தீட்டிய சிறு விமானத்தில் பறந்து விலங்குகளைக் கணக்கெடுத்துவந்த மிஹாயேல், 1959 ஜனவரியில் விமான விபத்தில் இறந்தார். மறு ஆண்டு அந்தப் படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. தேசியப் பூங்காவுக்குள் மாசாய் மக்கள் உட்பட யாரும் வாழக் கூடாது என்ற கிர்ஷிமெக்கின் நிலைப்பாடு பின்னாளில் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. பழங்குடிகளைக் காட்டிலிருந்து வெளியேற்றுவது பற்றிய நம் ஊர் விவாதங்களை அறிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

பத்திரிகையாளர் ஹார்ஸ்ட் ஷ்டெர்ன் வேறு பாதையில் போனார். 1971 கிறிஸ்துமஸ் முன்னிரவில், செம்மான் பற்றிய அவருடைய தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பானது. வேட்டைக்காரர்களின் பெருமைக்காக மான்களின் எண்ணிக்கை பெருக்கப்படுவதால் காடு அழிகிறது என்று அது சொன்னது, நாடே கொதித்தது. 1975இல் ‘பூண்ட்’ என்ற சுற்றுச்சூழல் அமைப்பை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர்.

ஐந்து லட்சமும் பத்தாயிரமும்

அரசுக்குச் சொந்தமான சால்ஸ்கிட்டர் எஃகு நிறுவனத்தை விற்ற பணம், சுமார் 250 கோடி மார்க், 1990இல் ஜெர்மன் கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அறக்கட்டளைக்கு முதலானது. 1993 முதல் அது வழங்கிவரும் ‘ஜெர்மன் சுற்றுச்சூழல் பரிசு’ இன்று 5 லட்சம் யூரோ மதிப்புடையது. முதல் ஆண்டிலேயே அதைப் பெற்றது, ஓசோன் படலத்தைக் கெடுக்காத குளிர்பதனப் பெட்டியைத் தயாரித்த ஃபோரோன் என்ற கிழக்கு ஜெர்மானிய நிறுவனம். 1996இல் ஃபோரோன் திவாலானாலும் அந்தத் தொழில்நுட்பம் உலகெங்கும் பரவியது.

தொழில்நுட்பத்தோடு தொடங்கிய பரிசு, பிறகு களப்பணியாளர்களையும் தேடி வந்தது. இரு ஜெர்மனிகளின் எல்லைக் கீற்று, ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் நீளத்துக்கு அரிய பறவைகளின் புகலிடமாகிவிட்டிருந்தது. அதைக் காக்க வேண்டும் என்ற தீர்மானம், பெர்லின் சுவர் திறந்த ஒரே மாதத்தில், 1989 டிசம்பர் 9 அன்று ஹோஃப் நகரில் நிறைவேறியது. அந்தப் ‘பசுமைப் பட்டை’க்காக உழைத்த கை ஃப்ரோபெல், இங்கே சீல்மன், ஹூபர்ட் வைகர் ஆகியோர் 2017இல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சதுப்பு நில ஆய்வாளர் ஹான்ஸ் யோஸ்டனும், பல்லுயிர் ஆய்வாளர் கட்ரின் போனிங்-கேசேயும் 2021இல் அதைப் பெற்றார்கள்.

பரிசு எதற்குப் பயன்பட வேண்டும் என்பதற்கு மிஹாயேல் ஸுக்கோவின் வாழ்க்கையே சான்று. கிழக்கு ஜெர்மனி மறையவிருந்த 1990 செப்டம்பரில், அதன் அமைச்சரவை ஐந்து தேசியப் பூங்காக்களையும் ஆறு உயிர்க்கோளக் காப்பகங்களையும் மூன்று இயற்கைப் பூங்காக்களையும் அறிவித்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்களுள் முதன்மையானவர், அந்த ஆண்டு சில மாதங்கள் துணை அமைச்சராக இருந்த ஸுக்கோ. 1997இல் ஸ்வீடனில் வழங்கப்படும் ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது அவருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு 1999இல் ஓர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையை நிறுவினார். அது இன்றும் இயங்குகிறது.

எழுத்தின் முறை கடைசியாக வந்தது. பெர்லினைச் சேர்ந்த மாத்தெஸ் & சைட்ஸ் பதிப்பகம், அரசின் சுற்றுச்சூழல் முகமையோடு இணைந்து நிறுவிய இயற்கை எழுத்துப் பரிசின் தொகை 10,000 யூரோ. 2017இல் முதலில் பெற்றவர் கவிஞரும் நாவலாசிரியருமான மாரியன் போஷ்மன். பின்னாளில் எஸ்தர் கின்ஸ்கி, உல்ரிகே டிரெஸ்னர் போன்றோரும் அதைப் பெற்றார்கள். சுற்றுச்சூழல் பரிசோடு ஒப்பிட்டால் தொகை ஐம்பதில் ஒரு பங்கு. ஆனாலும் அரசுச் சூழல் முகமை ஒன்று, தரவும் சட்டமும் போல இலக்கியமும் தன் வேலைக்குத் தேவை என்று ஏற்றுக்கொண்டது பெரிய மாற்றம்.

நம் ஊரிலும் இயற்கை எழுத்தாளர்களுக்குக் கௌரவங்கள் வந்திருக்கின்றன. தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சு. தியடோர் பாஸ்கரனுக்குக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் 2013ஆம் ஆண்டுக்கான இயல் விருதை வழங்கியது. இவை மதிப்புக்குரியவை, ஆனால் வாழ்நாள் சாதனைக்கு வரும் விருது, அடுத்த நூலை எழுதவேண்டிய இளைஞருக்குக் கைகொடுக்காது. தமிழில் இயற்கை எழுத்துக்கு விருது நடத்துவோர், பொன்னாடையோடு நின்றுவிடாமல், ஓராண்டு காட்டிலும் கழனியிலும் தங்கி எழுதுவதற்கான பணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.