திண்டிவனம் பின்கோடு ஒரு பகா எண்.. விழுப்புரம் ஏன் இல்லை?

திண்டிவனத்துக்குத் தபால் அனுப்பும்போது எழுதும் 604001 சாதாரண எண் இல்லை. 1-ஐயும் அதே எண்ணையும் தவிர வேறு எதாலும் மீதியின்றி வகுபடாது. அதாவது, பகா எண். விழுப்புரத்தின் 605602-க்கு அந்தப் பெருமை கிடையாது. இரட்டைப்படை என்பதால் 2 x 302801 என உடைந்துவிடும்.

எப்படி உறுதி செய்வது?

ஓர் எண் இரண்டாக உடைந்தால், அதில் ஒன்று வர்க்கமூலத்தைத் தாண்டாது. 604001-ன் வர்க்கமூலம் சுமார் 777. எனவே அதுவரை உள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். 151-ஆல் வகுத்தால் மீதி வெறும் 1. மயிரிழையில் தப்பிய எண்!

இன்னொரு சிறப்பு

4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணை, இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே வழியில்தான் எழுத முடியும். இதற்கு 751² + 200². கால்குலேட்டரில் போட்டுப் பாருங்க.

நமக்கு என்ன பயன்?

இணையப் பாதுகாப்பில் பயன்படும் ஆர்எஸ்ஏ முறையில், சுமார் 300 இலக்கப் பகா எண்கள் இரண்டைப் பெருக்கிப் பூட்டு போடுகிறார்கள். பெருக்குவது ஈஸி. திரும்பப் பிரிப்பதுதான் இன்றைய கம்ப்யூட்டர்களுக்கும் எட்டாத வேலை. ஆனால் ஓர் எண் பகா எண்ணா என்று சோதிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. எந்த எண்ணுக்கும் சந்தேகமின்றி, வேகமாக விடை சொல்லும் முறையை 2002-ல் தந்தவர்கள் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா.

அதுக்காக, பகா எண்ணாச்சேன்னு 604001-ஐ யுபிஐ பின்னாக வைத்துவிடாதீங்க! உங்க முகவரி தெரிந்த யாரும் எளிதில் ஊகித்துவிடுவார்கள்.