பட்டர்வொர்த் வானில் நிறம் மாறிய போர் விமானங்கள்

பட்டர்வொர்த் வட்டாரத்தில் குடியிருப்போருக்குப் போர் விமானத்தின் இரைச்சல் பழகிய ஒன்று. ஆனால், அண்ணாந்து பார்த்தால் விமானம் சட்டெனக் கண்ணில் படாது. அதன் மங்கிய சாம்பல் நிறமும் அதற்கு ஒரு காரணம். இதைத்தான் உருமறைப்பு வண்ணம் என்கிறார்கள்.

சந்தையில் விற்கும் கெம்போங் மீனைக் கவனியுங்கள். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி. மேலிருந்து பார்த்தால் கடலோடும், கீழிருந்து பார்த்தால் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களுக்கும் இதே முறைதான்.

பிரிட்டிஷார் 1941 அக்டோபரில் பட்டர்வொர்த் தளத்தைத் திறந்தனர். அங்கிருந்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களின் மேற்புறத்தில் கரும்பச்சையும் மண் நிறமும் வளைந்த திட்டுகளாகப் பூசப்பட்டிருந்தன. இறக்கையின் நேர்க்கோட்டைக் கண்ணுக்குப் புலப்படாமல் உடைப்பதே அத்திட்டுகளின் வேலை. இங்கிலாந்தின் வயல்களையும் காடுகளையும் மனத்தில் வைத்து வகுத்த வண்ணம் அது.

1941 டிசம்பர் 9-இல் அவ்விமானங்கள் புறப்படத் தயாரான வேளையில் ஜப்பானியர் குண்டு வீசினர். ஆர்தர் ஸ்கார்ஃப் ஓட்டிய விமானம் மட்டுமே மேலெழும்பியது. தன்னந்தனியாகத் தாய்லாந்தின் சிங்கோரா வரை சென்று தாக்கிய அவர், படுகாயத்துடன் அலோர்ஸ்டாரில் தரையிறங்கி உயிரிழந்தார். 1946-இல் அவருக்கு விக்டோரியா கிராஸ் விருது அறிவிக்கப்பட்டது. எவ்வளவு நன்றாக வண்ணம் பூசினாலும், தரையில் விழும் நிழலையும் ஓடும் அசைவையும் மறைக்க முடியாது.

டிசம்பர் 11-இல் ஜார்ஜ்டவுன் மீது விமானங்கள் வந்தபோது, மக்கள் பலர் ஓடி ஒளியாமல் வீதியில் நின்று வேடிக்கை பார்த்தனர். குண்டுகள் விழுந்தன, ஏராளமானோர் மாண்டனர்.

நம் விமானமா, எதிரி விமானமா என்ற குழப்பம் படைகளுக்கும் இருந்தது. ஜப்பானின் சிவப்பு வட்டத்தோடு குழம்பக்கூடாது என்பதற்காக, அமெரிக்கா 1942-இல் தன் விமானச் சின்னத்தின் நடுவிலிருந்த சிவப்பு வட்டத்தை நீக்கியது. இவ்வட்டாரப் போர்முனையில் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் அதையே செய்தன.

போருக்குப்பின், 1958-இல் பட்டர்வொர்த் வந்த ஆஸ்திரேலிய சேபர் ஜெட்டுகள் வெள்ளி நிறத்தில் மின்னின. அடுத்து வந்த மிராஜ் விமானங்களுக்குப் பின்னாளில் பச்சையும் சாம்பலும் பூசப்பட்டன. 1988-இல் தளம் மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1997-இல் வந்த நம் ஹார்னெட் விமானங்களுக்கு அடர் சாம்பல் நிறம்.

பளபளப்பில்லாத சாம்பல், மேகத்திலும் புகைமூட்டத்திலும் எளிதில் கரைந்துவிடும். ஆனால், ராடார் நிறத்தைப் பார்ப்பதில்லை. அதனிடமிருந்து தப்ப விமானத்தின் வடிவத்தையே மாற்ற வேண்டும். அலைகளை உறிஞ்சும் பூச்சும் வேண்டும். சாதாரண வண்ணம் ஏமாற்றுவது மனிதக் கண்ணை மட்டுமே.