வாளையார் வரை வந்த ஃபார்மலின்

2018 ஜூன் மாதம், பாலக்காட்டுக்குக் கிழக்கே வாளையார் சோதனைச்சாவடியில் மீன் லாரிகளை நிறுத்திக் கதவைத் திறந்தார்கள் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையினர். ‘சாகர் ராணி’ என்று பெயரிட்ட சோதனை அது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய காகிதத் துண்டை மீன்மேல் தேய்த்து, ஒரு சொட்டு மருந்து விட்டால் போதும். ஃபார்மலின் இருந்தால் நிறம் மாறும். டன் கணக்கில் மீன் பிடிபட்டது. பிணவறையில் உடலைப் பதப்படுத்தும் திரவம் சோற்றுத்தட்டுக்கு வந்ததைக் கேட்டு கேரளமும் தமிழகமும் பதறின.

ஃபார்மால்டிஹைடு கரைந்த நீர்தான் ஃபார்மலின். அந்தத் திரவம் இத்தனை மலிவானது எப்படி?

1867-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஹாஃப்மன் மெத்தனால் ஆவியையும் காற்றையும் சூடான பிளாட்டினத்தின் மேல் செலுத்தி ஃபார்மால்டிஹைடு செய்தார். பிளாட்டினத்தின் இடத்துக்குப் பிறகு செம்பு வந்தது, வெள்ளி வந்தது. வெள்ளி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் 600 டிகிரிக்கு மேல் வெப்பம் கேட்கும்.

1931-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹோமர் ஆட்கின்ஸும் பீட்டர்சனும் இதே வேலைக்கு உலோக ஆக்சைடுகளைச் சோதித்தார்கள். இரும்பு ஆக்சைடு தனியாக இருந்தால் மெத்தனாலை எரித்துக் கரியமில வாயுவாக்கிவிடுகிறது. மாலிப்டினம் ஆக்சைடு பக்குவமாக ஃபார்மால்டிஹைடோடு நிறுத்துகிறது, ஆனால் வேலை மந்தம். இரண்டையும் சேர்த்தபோது வேகமும் கிடைத்தது, பக்குவமும் கிடைத்தது. நூற்றுக்குத் 90 பங்குக்கு மேல் ஃபார்மால்டிஹைடு. இந்தத் துறையின் ஆக அழகான கண்டுபிடிப்பு இதுதான் என்பேன்.

உள்ளே நடப்பது இது. மெத்தனால் மூலக்கூறு ஆக்சைடின் மேல் ஒட்டி, ஹைட்ரஜனை இழக்கிறது. அந்த ஹைட்ரஜனை நீராக்கும் ஆக்சிஜன் காற்றிலிருந்து நேரே வருவதில்லை. ஆக்சைடு தன்னுடைய ஆக்சிஜனையே கொடுக்கிறது, பிறகு காற்றிலிருந்து எடுத்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. கல்லாப்பெட்டியிலிருந்து கைமாற்று கொடுத்துவிட்டு, அடுத்த வரவில் ஈடுகட்டும் கடைக்காரரைப் போல. 1954-இல் மார்ஸ், வான் கிரெவெலன் என்ற இருவர் இத்தகைய வினைகளுக்குக் கணக்கு எழுதினார்கள். இந்தக் கலப்பு ஆக்சைடுக்கு 250 முதல் 400 டிகிரி வரை போதும். குறை ஒன்று உண்டு: மாலிப்டினம் மெல்ல ஆவியாகிப் போகும், ஓரிரு ஆண்டில் வினையூக்கியை மாற்ற வேண்டும்.

இப்படிக் குவியும் ஃபார்மால்டிஹைடில் பெரும்பங்கு போவது பசைக்கு. இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழா பக்கம் பால் வற்றி வெட்டுப்படும் ரப்பர் மரங்கள் பெரும்பாவூர் பிளைவுட் ஆலைகளுக்குப் போகின்றன. யூரியாவும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த பசை அந்த மர ஏடுகளை ஒட்டுகிறது. மீனில் வந்தால் கொதிக்கிறோம். சூட்டு அழுத்த இயந்திரம் திறக்கும்போது கண்ணெரிய நிற்கும் வடமாநிலத் தொழிலாளியைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே ஃபார்மால்டிஹைடைப் புற்றுநோய் தருவது என்று வகைப்படுத்திவிட்டது. பசையில் யூரியாவின் பங்கைக் கூட்டினால் வெளியேறும் நெடி கணிசமாகக் குறையும். பலகை ஈரம் தாங்கும் திறன் கொஞ்சம் குறையலாம். அதைச் சரிக்கட்ட மெலமைன் சேர்க்கும் வழியும் இருக்கிறது, செலவுதான் கூடுதல்.