பட்டணத்துப் பானை ஓட்டில் ஒரு ‘அமண’

சேர நாட்டுக் கரையில் சமணம் எந்தக் காலத்தில் இருந்தது என்று யாராவது கேட்டால், 2011-க்கு முந்தி வரை நம்மவர்கள் சொன்ன விடை பெரும்பாலும் இலக்கியத்தில் இருந்து வந்த விடை. இளங்கோவடிகள் குணவாயிற் கோட்டத்தில் இருந்தார் எனச் சிலப்பதிகாரப் பதிகம் கூறும். கோட்டம் என்பதற்கு அருகன் கோயில் என்று அடியார்க்குநல்லார் உரை கண்டார். அந்தக் குணவாயில், கொடுங்கல்லூருக்கு வடக்கே உள்ள மதிலகம்தான் என்பது அறிஞர் பலர் கருத்து.

கல்லில் எழுத்தாக வேண்டும் என்றால் நம் திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சிதறால் மலைக்குப் போகவேண்டும். 1956 வரை திருவிதாங்கூரோடும் திருக்கொச்சியோடும் இருந்த பகுதி அது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குறத்திகள் என்ற சமணப் பெண் துறவி பொன் அணி கொடுத்த செய்தி அங்கே கல்வெட்டாக இருக்கிறது. ஆனால் அது ஒன்பதாம் நூற்றாண்டு. சங்க காலத்துக்கும் அதற்கும் நடுவே உள்ள இடைவெளி பெரிது. அந்த இடைவெளியின் மறுகரையில் இருந்து ஒரு சின்னப் பானைத் துண்டு வந்து சேர்ந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முசிறியைத் தேடி முதலில் தோண்டியது கொடுங்கல்லூரில்தான். 1940-களிலும் 1960-களின் இறுதியிலும் சேரமான் பறம்பு முதலிய இடங்களில் அகழ்ந்தார்கள். கிடைத்தவை எல்லாம் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. பெரியாறு தெற்கே இருந்து வடக்கே தடம் மாறியிருக்கலாம், ஆகவே பழைய துறை ஆற்றுக்குத் தெற்கே இருக்கக்கூடும் என்ற யோசனை பிற்பாடு வந்தது. அப்போது கண்ணில் பட்டது வடக்கன் பறவூருக்கும் கொடுங்கல்லூருக்கும் இடையே உள்ள பட்டணம் என்ற சிற்றூர். பேரைப் பாருங்கள்! கடல் துறைக்குத் தமிழர் வழங்கிய பேர் அப்படியே நிற்கிறது. மழை பெய்து மண் கரைந்தால் தோட்டத்தில் பாசிமணி பொறுக்கலாம் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். பழைய செங்கல்லைத் தோண்டி எடுத்து வீடு கட்டினவர்களும் உண்டு.

2004-ல் கே.பி. ஷாஜனும் வி. செல்வகுமாரும் சிறு அளவில் சோதனை அகழாய்வு செய்தார்கள். 2007-ல் இருந்து நம் நகரத்தில் இயங்கும் கேரள வரலாற்று ஆராய்ச்சி மன்றம், பி.ஜே. செரியன் தலைமையில் 2015 வரை ஒன்பது பருவம் தோண்டியது. முதல் பருவத்திலேயே செங்கல் கட்டிய படகுத்துறையும், அதன் அருகே சேற்றில் புதைந்த சுமார் 6 மீட்டர் நீளமுள்ள ஆஞ்ஞிலி மரத்தோணியும் வெளிப்பட்டன. மத்தியதரைக் கடல் நாட்டு மதுச்சாடித் துண்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. மேற்காசியப் பச்சை மெருகுக் கலங்கள், கண்ணாடி மணிகள், மிளகு, குந்திரிக்கம், சேரர் காசு என்று பட்டியல் நீளும். இவை பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் திரும்பச் சொல்லவில்லை.

அகழாய்வு என்றால் புதையல் எடுப்பது மாதிரி என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். 2012 பருவத்தில் நண்பர்கள் நாலு பேர் ஆலுவா வரை ரயிலில் போய், பஸ் பிடித்து, பட்டணம் கவலையில் இறங்கி ஒரு நாள் முழுக்க நின்று பார்த்தோம். உள்ளபடி சொன்னால் அது மிகவும் பொறுமையான வேலை. வெயில் ஏறுமுன் தொடங்குகிறார்கள். சதுரமாக நூல் கட்டிய குழிக்குள் இரண்டு மூன்று பேர் குந்தி உட்கார்ந்து, கொத்தனார் கரண்டி மாதிரி ஒன்றால் மண்ணைச் சீவிக்கொண்டே இருக்கிறார்கள். மண்ணின் நிறம் மாறினால் உடனே நிறுத்தி, அளந்து, படம் எடுத்து, எழுதி வைத்த பிறகுதான் மறுபடி கரண்டி. சீவிய மண் வாளியில் மேலே வரும், சல்லடைக்குப் போகும். சல்லடையில் நிற்பதில்தான் கடுகத்தனை மணியும் இருக்கும். ஆழம் போகப் போகத் தண்ணீர் ஊறும். மோட்டார் வைத்து இறைத்தால்தான் மேலே வேலை நடக்கும். அது தொல்லைதான், ஆனால் அந்த ஈரம்தான் 2000 வருஷத்துத் தோணியை மக்காமல் காத்துக் கொடுத்தது.

எனக்குப் பிடித்த இடம் குழி அல்ல. பக்கத்தில் ஓடு கழுவுகிற இடம். லட்சக்கணக்கான பானை ஓடுகள் அங்கே கிடைத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் தொட்டித் தண்ணீரில் போட்டு, மெதுவான பிரஷ்ஷால் தேய்த்து, நிழலில் உலர்த்தி, மையால் எண் எழுதிக் கொட்டுகிறார்கள். எந்தக் குழி, எந்த அடுக்கு என்பது அந்த எண்ணில் இருக்கும். எண் தவறினால் ஓடு வெறும் ஓடு. இப்படிப்பட்ட அகழாய்வுகளில் எழுத்துள்ள துண்டு பல சமயம் குழியில் தெரியாது. சேறு போன பிற்பாடு, கழுவுகிற கையில்தான் கீறல் தட்டுப்படும்.

2011 பருவத்தில் அப்படி அறியப்பட்டதுதான் நம் பானை விளிம்பு. அதில் தமிழ் பிராமியில் மூன்று எழுத்து: அ, ம, ண. அதை அடுத்து, பெருங்கற்காலக் குறியீடுகள் என்று சொல்கிற வகையில் இரண்டு குறிகள். பட்டணத்தில் கிடைத்த எழுத்துள்ள ஓடுகளில் இது மூன்றாவது. ஐராவதம் மகாதேவன் இதை ‘அமண’ என்று படித்து, சமணரைக் குறிக்கும் சொல் என்றும், சுமார் கி.பி. இரண்டாம் நூற்றாண்டு என்றும் சொன்னார். ஒரு துறவியின் பானையாக இருக்கலாம் என்ற கருத்தும் அப்போது பத்திரிகையில் வந்தது.

சொல்லைப் பற்றிச் சந்தேகம் இல்லை. சிரமண என்பது பிராகிருதத்தில் சமண ஆகி, தமிழில் முதல் சகரம் உதிர்ந்து அமண ஆயிற்று. சபை அவை ஆனதும் இதே வழிதான். இதற்கு வலுவான துணை, கரூருக்கு அருகே புகளூர் ஆறுநாட்டார் மலையில் இருக்கிறது. சேர மன்னர் மூன்று தலைமுறையினர் பெயர் சொல்லி, இளங்கடுங்கோ இளங்கோ ஆனபோது யாற்றூர்ச் செங்காயபன் என்ற மூத்த அமணனுக்கு உறைவிடம் வெட்டிக் கொடுத்த கல்வெட்டு அது. காலமும் ஏறக்குறைய அதே இரண்டாம் நூற்றாண்டு. மலைக்கு அந்தப் பக்கம் சேரர் கல்லில் இருக்கிற சொல், இந்தப் பக்கம் சேரர் துறையில் மண் பானையில் இருக்கிறது.

ஆனால் ‘துறவியின் பானை’ என்பதை என்னால் சட்டென்று ஏற்க முடியவில்லை. நம் திகம்பர முனிவருக்கு உடைமை கமண்டலமும் மயிற்பீலியும்தான். நின்றபடியே, கையை ஏந்தி ஆகாரம் கொள்வார். பானை வைத்துக்கொள்கிறவர் இல்லை. சுவேதாம்பரரின் ஆசாராங்கம் சுரை, மரம், மண் ஆகிய கலங்களை அனுமதிக்கிறது, உண்மை. இரண்டாம் நூற்றாண்டில் பிரிவுகள் இன்று போல் உறைந்து போகவில்லை என்பதும் உண்மை. தாய்லாந்தில் பூ காவோ தோங் என்ற இடத்தில் கிடைத்த ஓட்டை ‘துறவோன்’ என்று மகாதேவன் படித்ததையும் எதிர்ப்பக்கம் வைக்கலாம். இருந்தாலும் வேறொரு வழியும் இருக்கிறது.

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்துகிறவனுக்கு இது தினசரி விவகாரம். பாத்திரம் வாங்குகிறவர் பேர் வெட்டித் தரச் சொல்வார். முன்னே சின்ன உளியால் புள்ளி புள்ளியாய் வெட்டுவோம், இப்போது மின்சாரக் கருவி. வெட்டின பேர் எல்லாம் உடைமைக்காரர் பேர் என்று எண்ணக்கூடாது. சீர் கொடுத்தவர் பேர் இருக்கும், கோயில் பேர் இருக்கும், எதற்கு உள்ள பாத்திரம் என்ற குறிப்பும் இருக்கும். அன்றும் அப்படித்தான் போலும். எகிப்தில் குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓட்டில் ‘பானை ஒறி’, அதாவது பானையும் உறியும், என்று இருந்தது. ஓமான் கோர் ரோரி ஓட்டில் ஒருவன் பேர், கீரன்.

பட்டணத்து ஓட்டில் ‘அமணன்’ என்று ஆண்பால் விகுதி இல்லை, ‘அமண’ என்றே நிற்கிறது. அமணப் பள்ளி என்கிறோமே, அதைப் போல இது அடைமொழியாக இருக்கலாம் அல்லவா? நம் வீடுகளில் முனிவர் ஆகாரத்துக்கென்று தனிப் பாத்திரம் வைத்து, மற்றவற்றோடு கலக்காமல் காப்பது வழக்கம். முசிறியில் குடியிருந்த ஒரு சமண இல்லறத்தான், வணிகனோ பணியாளனோ, அப்படி ஒதுக்கி வைத்த பானை இது என்பது என் ஊகம். பின்னால் உள்ள இரண்டு குறிகள் அவன் குடிக் குறியாகவோ சரக்குக் குறியாகவோ இருக்கலாம். ஊகம் என்றே சொல்கிறேன், மீதிப் பானை கிடைத்தால் இடிந்தும் போகலாம். பட்டணம்தான் முசிறி என்பதையே எம்.ஜி.எஸ். நாராயணன், இரா. நாகசாமி போன்ற பெரியவர்கள் ஐயுற்றார்கள். ஆனால் முசிறி எந்த மேட்டில் இருந்தாலும் இந்த ஓட்டின் எழுத்து மாறப்போவதில்லை.

எனக்கு இதில் மனசு தங்கிய இடம் வேறு. பிற்காலத்துச் சமயப் பூசலில் ‘அமண்’ என்பது வசைச்சொல் ஆனது. இன்றும் பேச்சில் அம்மணம் என்பதோடு சேர்த்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டவர்கள் நம்மில் பலர். பட்டணத்துப் பானையில் அந்தச் சொல்லை எழுதியவனுக்கு அது வசை இல்லை, வெட்கமும் இல்லை. யவனரும் அரபியரும் தமிழரும் கூடிய துறையில், அடுக்களையில் ஒரு பானையை இன்னது என்று அடையாளம் காண எழுதின சாதாரணச் சொல்.

சுமார் 45 ஹெக்டேர் பரந்த மேட்டில் 2015 வரை தோண்டியது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் வீடுகள், தென்னை, ஜாதிக்காய்த் தோட்டம். அந்த இரண்டு குறிகளை இதுவரை யாரும் படிக்கவில்லை.