மூளைக்காய்ச்சல்: காரணங்கள் என்ன? கண்டறிவது எப்படி?

காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, வலிப்பு, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை மத்திய நரம்பு மண்டலத் தொற்றின் முக்கிய அறிகுறிகளாகும். ஆனால், நோய்க்குக் காரணம் பாக்டீரியாவா, வைரஸா, காசநோய்க் கிருமியா என்பதை இந்த அறிகுறிகளை மட்டும் வைத்துக் கூற இயலாது. கிருமிக்கு ஏற்ப சிகிச்சை மாறுபடுவதால், காரணத்தை விரைந்து கண்டறிவதே நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கிறது.

மூளையையும் தண்டுவடத்தையும் மூன்று அடுக்குச் சவ்வுகள் சூழ்ந்துள்ளன. இவற்றில் ஏற்படும் அழற்சி 'மெனிஞ்சைட்டிஸ்' என்றும், மூளைத் திசுவில் ஏற்படும் அழற்சி 'என்செஃபலைட்டிஸ்' என்றும் அழைக்கப்படுகின்றன. பொதுவழக்கில் இரண்டுமே மூளைக்காய்ச்சல் எனக் குறிப்பிடப்படுகின்றன.

காரணங்கள்

நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் ஆகியவை இந்நோயை ஏற்படுத்தும் முக்கிய பாக்டீரியாக்கள். பாக்டீரியா மெனிஞ்சைட்டிஸால் பாதிக்கப்படும் 6 பேரில் ஒருவர் உயிரிழப்பதாகவும், 5 பேரில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவுகள் ஏற்படுவதாகவும் உலக சுகாதார அமைப்பு தெரிவிக்கிறது. செவித்திறன் இழப்பும் அவற்றில் ஒன்று.

என்டெரோ வைரஸ், ஹெர்பிஸ் வைரஸ், கொசுக்கள் மூலம் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் ஆகியவையும் நரம்பு மண்டலத்தைத் தாக்குகின்றன. காசநோய்க் கிருமியால் ஏற்படும் மெனிஞ்சைட்டிஸ், பல நாள்கள் நீடிக்கும் காய்ச்சல், தலைவலியுடன் மெதுவாகத் தொடங்குவதால் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. தேங்கிய நன்னீரில் வாழும் 'நெக்லேரியா ஃபௌலேரி' என்ற அமீபா மூக்கின் வழியாக மூளையை அடைவதும் உண்டு. கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு இத்தொற்றால் சிலர் உயிரிழந்தனர்.

கோரக்பூர் கற்றுத்தந்த பாடம்

இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் 1955-இல் வேலூர் பகுதியில் கண்டறியப்பட்டது. 2005-இல் கோரக்பூரை மையமாகக் கொண்ட கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஏற்பட்ட பெரும் பரவலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானோர் குழந்தைகள். அதைத் தொடர்ந்து 2006-இல் தடுப்பூசி இயக்கம் தொடங்கப்பட்டது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் குறைந்த பின்னரும், அதே அறிகுறிகளுடன் குழந்தைகள் மருத்துவமனைகளில் அனுமதிக்கப்படுவது தொடர்ந்தது. பூச்சிக்கடி மூலம் பரவும் 'ஸ்க்ரப் டைபஸ்' என்ற பாக்டீரியா தொற்று அதற்கு முக்கியக் காரணம் என்பது பின்னர் நடைபெற்ற ஆய்வுகளில் தெரியவந்தது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் போன்ற விலை குறைந்த மருந்துகளால் தொடக்க நிலையிலேயே குணப்படுத்தக்கூடிய நோய் இது.

பிகார் மாநிலம் முசாஃபர்பூரிலோ நிலைமை வேறாக இருந்தது. அங்கு கோடைக்காலத்தில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட மூளை பாதிப்புக்குத் தொற்று காரணமல்ல என்றும், இரவு உணவைத் தவிர்த்த குழந்தைகள் லிச்சிப் பழம் உண்டபோது ரத்த சர்க்கரை அளவு கடுமையாகக் குறைந்ததுடன் அது தொடர்புடையது என்றும் 2017-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. உடனடியாக ரத்த சர்க்கரையைப் பரிசோதித்து குளுக்கோஸ் செலுத்துவதே அங்கு உயிர்காக்கும் சிகிச்சையாக இருந்தது.

பரிசோதனைகள்

இடுப்புப் பகுதியில் முதுகெலும்புகளுக்கு இடையே ஊசி செலுத்தி தண்டுவட நீரை எடுத்துப் பரிசோதிப்பதே நோயைக் கண்டறியும் முதன்மையான முறை. இதனால் கை, கால் செயலிழந்துவிடும் என்ற அச்சத்தில் பல குடும்பத்தினர் சம்மதிக்கத் தயங்குகின்றனர். தண்டுவடம் முடிவடையும் இடத்துக்குக் கீழே ஊசி செலுத்தப்படுவதால் தண்டுவடம் பாதிக்கப்படும் வாய்ப்பு மிகவும் அரிது.

இயல்பான தண்டுவட நீர் தெளிவாக இருக்கும். பாக்டீரியா தொற்றில் அது பெரும்பாலும் கலங்கலாகக் காணப்படும். சர்க்கரை குறைந்து, புரதமும் வெள்ளணுக்களும் அதிகரித்திருக்கும். வைரஸ் தொற்றில் சர்க்கரை அளவு பொதுவாக இயல்பாகவே இருக்கும். கிருமி வளர்ப்புச் சோதனை, பிசிஆர், எதிரணுச் சோதனை ஆகியவற்றின் மூலம் கிருமி உறுதிசெய்யப்படுகிறது. மூளையில் அழுத்தம் அதிகரித்திருக்கலாம் எனக் கருதப்பட்டால் முதலில் சிடி ஸ்கேன் எடுக்கப்படும். ஆயினும், பாக்டீரியா தொற்று என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், முடிவுகளுக்காகக் காத்திருக்காமல் ஆன்டிபயாடிக் சிகிச்சை தொடங்கப்படும்.

கவனிக்க வேண்டியவை

கைக்குழந்தைகளிடம் கழுத்து விறைப்பு தென்படாமல் இருக்கலாம். பால் குடிக்க மறுத்தல், ஓயாத அழுகை, சோர்ந்து கிடத்தல், உச்சிக்குழி புடைத்தல் ஆகியவை தென்பட்டால் உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மருத்துவர் பரிந்துரையின்றி மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி உட்கொண்டால், பரிசோதனையில் கிருமி வெளிப்படாமல் போகக்கூடும். ஏற்கெனவே உட்கொண்ட மருந்துகளின் விவரத்தை மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம்.

ஹிப் தொற்றைத் தடுக்கும் பென்டாவேலன்ட், நிமோகாக்கல், குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கும் பிசிஜி ஆகிய தடுப்பூசிகள் தேசிய தடுப்பூசித் திட்டத்தின் கீழ் இலவசமாகச் செலுத்தப்படுகின்றன. நோய்ப் பரவல் உள்ள மாவட்டங்களில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியும் வழங்கப்படுகிறது.