முகத்தலும் நிறுத்தலும்: தேன் அளந்த வரலாறு

திருவிழாக் காலத்தில் அபிடேகத்திற்கெனத் தேன் வழங்கும் மெய்யன்பர்களுள் சிலர் போத்தல் கணக்கிலும், வேறு சிலர் கிலோ கணக்கிலும் தருகின்றனர். லிட்டரும் கிலோவும் ஒன்றெனக் கொண்டு பதிவேட்டில் எழுதிவிட்டால் கணக்கு பிழைபடும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஒரு லிட்டர் தேனின் எடையோ ஏறத்தாழ 1.42 கிலோ.

முகத்தல் வேறு, நிறுத்தல் வேறு என்பதைத் தமிழர் தொன்றுதொட்டு அறிவர். அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் எனத் தொல்காப்பியம் கூறுகின்றது. சோழர் காலத்துத் திருக்கோயில்களிலோ இப்பாகுபாடு அன்றாட வழக்காகவே இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நெய் உழக்காலும், தயிர் நாழியாலும், சர்க்கரை பலத்தாலும் குறிக்கப்படுகின்றன. ஒரு திருவிளக்கிற்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்து தருதல் வேண்டும். அங்கு அளந்த மரக்காலின் பெயர் ‘ஆடவல்லான்’. பொன் நிறுத்த கல்லுக்கும் அப்பெயரே. குறைத்து அளப்பவன் கை நடுங்கட்டும் என்றுதான் இறைவன் திருப்பெயரை இட்டனர் போலும்!

பிற்காலத்தில் சென்னை மாகாணத்தில் 40 பலம் கொண்ட வீசை வழங்கிற்று. அது ஏறக்குறைய 1.4 கிலோ. ஆகவே ஒரு வீசைத் தேன் என்பது இன்றைய ஒரு லிட்டருக்கு மிக அண்மையில் வந்து நிற்கின்றது.

கடல் கடந்து பினாங்கிற்கும் செபராங் பிறைக்கும் வந்த நம் முன்னோர் இங்கே வேறு அளவைகளைக் கண்டனர். நிறுக்கக் கட்டியும் தாயிலும். முகக்கக் கந்தாங்கும் சுப்பாக்கும். 16 தாயில் ஒரு கட்டி; அது 605 கிராம் அளவு. நான்கு சுப்பாக் ஒரு கந்தாங். அது பிரிட்டிஷ் காலனுக்குச் சமம். 1824ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு காலன் என்பது பத்து ராத்தல் நீர் கொள்ளும் அளவு. அவ்வழியே கணக்கிட்டால் ஒரு சுப்பாக் நீர் 1 கட்டி 14 தாயில் நிற்கும்; அதே சுப்பாக் தேன் 2 கட்டி பத்தரைத் தாயிலுக்குச் சற்று மேலாகும். இவ்வேறுபாட்டை மறந்து பேரம் பேசியவர் எவ்வளவு இழந்திருப்பர்!

மெட்ரிக் முறைக்கு வழி வகுத்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் மலாய்ப் பெயரிலும் ‘தீம்பாங்’ (நிறுத்தல்), ‘சுக்காட்’ (அளத்தல்) என இரு சொற்கள் தனித்தனியே நிற்கின்றன.

இன்றைய கணக்கு எளிது. லிட்டரை 1.42ஆற் பெருக்கினால் கிலோ. கிலோவை அவ்வெண்ணால் வகுத்தால் லிட்டர். 750 மில்லிலிட்டர்ப் போத்தலில் 1.065 கிலோ தேன் இருக்கும். ஒரு கிலோத் தேனோ 704 மில்லிலிட்டரே. ஆயினும் எடை குறைந்தது கண்டு உடனே கலப்படம் என்று கொடுத்தவரை ஐயுறலாகாது. கொடுக்கில்லாத் தேனீயாகிய கெலுலூட்டின் தேனில் இயல்பாகவே நீர் மிகுதி. நூற்றுக்கு முப்பது பங்கு நீர் இருப்பின் லிட்டருக்கு 1.35 கிலோவே நிற்கும். மறுபுறம், காய்ச்சிய சர்க்கரைப் பாகு தேனின் எடைக்கே நிற்கக்கூடும். அதனைத் தராசு காட்டிக் கொடுக்காது.